தூசிப் பைக்குள் இருந்த மாவு

கிள்ளான் ஸ்டேஷனில் நான் ரயிலை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றரை. பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் நடுநிசியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும் பட்டப்பகல் அது.

என் பெயர் நாகையா. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே எலக்ட்ரிக் சாமான் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. கரண்ட் ஓடும் வயரை வெறுங்கையால் மூன்று முறை தொட்டிருக்கிறேன், மூன்றும் தவறுதலாக. அதனால் பயமே அறியாதவன் என்று தெருவில் எனக்கு ஒரு பேர். கரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் பயப்படுவேன் என்பது என் மனைவி ரமணிக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் அப்போது ஆறு மாசக் கர்ப்பிணி. அந்த நாட்களில் கதவு கிரீச்சிட்டால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

முப்பத்திரண்டாம் வருஷம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத் துரைகள் பலர் சீமைக்குக் கப்பலேறிய காலம். அவர்கள் வீட்டு மேசை, நாற்காலி, பாட்டுப் பெட்டி எல்லாம் லேலாங்கில் கூவிக் கூவி ஏலம் போயின. அப்படி வந்த சாமான்களால்தான் என் கடையில் அடுப்பு எரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் பழனியப்பன் காருடன் காத்திருந்தார். ரோடு போடும் கண்ட்ராக்டர். என்னைவிட வயதில் சின்னவர். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது ஓடணும்."

"எது?"

"தூசி உறிஞ்சுற மெஷின். துரை வீட்டு லேலாங்ல எடுத்தது. உள்ள காத்தாடி உடைஞ்சிருச்சு."

"தரையில கொஞ்சம் தூசி கிடந்தா என்ன லா. மெதுவா என் கடைக்கு அனுப்பியிருக்கலாமே."

"என் மகன் தூங்கி ரெண்டு நாளாச்சுண்ணே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காரில் போகும்போது விவரம் சொன்னார். ஐந்து மாதக் குழந்தை. அந்த மெஷின் ஓடினால்தான் தூங்குவான். நிறுத்தினால் எழுந்துகொள்வான். எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் எஞ்சின் சத்தம் கேட்டால்தான் தூங்கும். என்றைக்காவது ரயில் தாமதமானால் தெருவே அழும்.

வீடு மேரு ரோட்டில், தென்னைகளுக்கு நடுவே, கட்டைத் தூண்களின் மேல் நிற்கும் பலகை வீடு. படியேறும்போதே குழந்தையின் குரல் கேட்டது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அழுது தீர்ந்த பிறகு தொண்டையில் மிஞ்சும் வெறும் காற்று.

கூடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை.

சுவரில் மாலை போட்ட ஒரு படம். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது அந்தப் பெண்ணுக்கு.

சாவு வீடு. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எங்களில் ஒரு வழக்கம். ரமணிக்குத் தெரிந்தால் என்னையே தூசிப் பையில் போட்டுக் கட்டியிருப்பாள்.

"என் அக்கா, வீரம்மா" என்றார் பழனியப்பன். "அது என் வீட்டுக்காரி, தனலெட்சுமி. காய்ச்சல்ல போய் ரெண்டு மாசமாகுது."

"தம்பி," என்றார் வீரம்மா, "வேலை முடிஞ்சதும் சொல்லிக்காமப் போயிடணும். போயிட்டு வரேன்னு இந்த வீட்ல சொல்லக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"புள்ள பேரு ராதாகிருஷ்ணன்" என்றார். பெயரைவிட ஆள் சின்னது. அந்தக் கன்னங்கள் உள்ளே ஒட்டியிருந்தன. கண்கள் மட்டும் பெரிதாக, என் தோளுக்குப் பின்னால் மூலையில் கிடந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தன.

மெஷின் ஒரு நீள உருளை. அடியில் இரண்டு சறுக்குக் கட்டை, முன்னால் துணி சுற்றிய குழாய். கொழுத்த பன்றிக்குட்டி ஒன்று படுத்திருப்பது போல இருந்தது. கூடத்தில் பாய் விரித்து அதைக் கிடத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன்.

முதலில் வந்தது வாசனை. பச்சரிசி மாவு. அதற்கு அடியில் புளித்த பால். அதற்கும் அடியில், எரிந்து அணைந்த விறகு.

காற்றாடி என்பது இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வளைந்த இதழ்களை வைத்து அடித்தது. அதில் ஓர் இதழ் பாதியில் முறிந்திருந்தது. அச்சைச் சுற்றி முடி. ஒரு முழம், இரண்டு முழம் என்று அவிழ்த்துக்கொண்டே போனேன். கறுப்பான நீள முடி. பொம்பளைகள் இருக்கும் வீட்டில் முடி இல்லாமல் இருக்குமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலைமுடி நரைத்து, கழுத்தோடு நின்றது.

முடிச்சுருளுக்கு நடுவில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. அதுதான் இதழை முறித்திருக்க வேண்டும். திருப்புளியால் நெம்பி எடுத்தேன்.

ஒரு வெள்ளி மெட்டி. கரி படிந்திருந்தது.

"இது மாட்டித்தான் உடைஞ்சிருக்கு" என்று பழனியப்பனிடம் நீட்டினேன். "உங்க வீட்டம்மா கழற்றி வெச்சது தவறி உள்ள போயிருக்கும்."

அவர் அதை வாங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"கழற்றலண்ணே. காலோடதான் அனுப்பினோம். நானே கொள்ளி வெச்சேன்."

குழந்தையின் குரல் நின்றிருந்தது. அது மெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லிடுடா" என்றார் வீரம்மா. "அவரும் நம்ம ஆளுதான்."

பழனியப்பன் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் ஆட்களில் சிலரிடம் இருக்கும் வழக்கம்தான்: காரியத்துக்கு முந்தின நாள், இறந்தவர் படுத்திருந்த அறையில் மாவைப் பரப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் திறந்தால் மாவில் கால்தடம் இருக்கும் என்பார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீர் தெளித்துக் கழுவி, ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அத்தோடு வந்தவர் போய்விடுவார்.

"கதவை நான்தான் மொதல்ல தொறந்தேன்" என்றார் பழனியப்பன். "சின்னக் கால். ரெண்டாவது விரல்ல மெட்டி அழுந்தின வட்டம்கூட இருந்திச்சு. தொட்டில் வரைக்கும் போயிருந்தா. அக்கா தண்ணி எடுத்திட்டு வரப் போயிருந்தாங்க. கழுவினா போயிடுவா இல்லையாண்ணே. எனக்கு மனசு வரல. மெஷினை வெச்சு உறிஞ்சி எடுத்து வெச்சுக்கிட்டேன்."

நான் எத்தனையோ விதமாக மெஷினைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்ச் சோற்றை உறிஞ்சியவர்கள், மீன் தொட்டியை உறிஞ்சியவர்கள். பெண்டாட்டியின் கால்தடத்தை உறிஞ்சிப் பத்திரப்படுத்தியவரை அன்றுதான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன்.

"அப்ப என்கிட்டக்கூட சொல்லல இவன்" என்றார் வீரம்மா. "புள்ள அன்னிக்கிருந்து அது சத்தத்துலதான் தூங்குச்சு. மொதல்ல கூடத்துல ஓடினாப் போதும். அப்புறம் ரூம்புக்குள்ள வைக்கணும். இப்பத் தொட்டிலுக்குக் கீழ வெச்சாத்தான் கண்ணை மூடுறான். எழுந்தா பால் குடிக்கிறதில்ல தம்பி. வயிறு நெறைஞ்ச மாதிரி ஏப்பம் விடுறான். ஆனா பாருங்க, நாளுக்கு நாள் எளைக்கிறான்."

"அப்ப எதுக்குக்கா இதைத் திருப்பி ஓட்டணும்? தூக்கிப் போட்டுடலாமே."

"ரெண்டு நாளா ஓடல. ரெண்டு நாளாத் தூங்கல, ஒரு சொட்டு எறங்கல. இன்னிக்கும் தூங்கலைன்னா..." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டார். "டாக்டர் வந்து பாத்திட்டுக் கையை விரிச்சிட்டாரு."

ஓடினாலும் இளைக்கிறது, ஓடாவிட்டாலும் போய்விடும். மாவு கிடக்கும் தூசிப் பையை மட்டும் மாட்டாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பழுது என்று ஒன்றைக் கண்டால் அதைச் சரிசெய்வதைத் தவிர வேறு எதுவும் என் புத்திக்கு எட்டாது.

பிஸ்கட் டின் மூடி ஒன்று கேட்டேன். தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி சிரிக்கும் படம் அதில். முறிந்த இதழை அளவு வைத்து வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்தேன். சீமாட்டியின் பாதி முகம் காற்றாடிக்குள் போனது. முறிந்த துண்டைப் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு சமன் பார்க்க வேண்டும். சமன் இல்லாத காற்றாடி மோட்டாரையே உடைத்துவிடும். இரண்டு கத்திகளைக் கூர் மேலே இருக்கும்படி நிறுத்தி, அவற்றின் மேல் அச்சை வைத்தால் கனமான பக்கம் தானாகக் கீழே உருளும். அந்தப் பக்கத்தை அரத்தால் ராவ வேண்டும்.

வைத்தேன். காற்றாடி மெல்ல உருண்டது. நின்றது.

கீழே நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்றது. சீமாட்டியின் இதழ், உள்ளறைக் கதவைப் பார்த்து நின்றது.

கத்திகளைத் திருப்பி, பாயின் மறுபக்கம் வைத்துப் பார்த்தேன். காற்றாடி யோசிப்பது போல ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடியும் கதவைப் பார்த்தது.

வெளியே மேகம் கவிந்து கூடம் இருட்டியது. முதல் மழைத்துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவன் போல் காற்றாடியை எடுத்து மோட்டாரில் மாட்டினேன்.

உள்ளறையில் விட்டத்திலிருந்து ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. மயில் கழுத்து நிறச் சேலை. படத்தில் அந்தப் பெண் கட்டியிருந்ததும் அதுதான். வீரம்மா குழந்தையைக் கிடத்தினார். மெஷினை அறை வாசலோடு நிறுத்திவிட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினேன்.

ம்ம்ம்ம்ம்.

இருபது வருஷமாக மோட்டார் சத்தம் கேட்டவன் நான். இது மோட்டார் சத்தம் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகும் தாலாட்டு. நடுநடுவே அவள் மூச்சு வாங்கினாள்.

குழந்தை உடனே கண்ணை மூடியது.

வீரம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழனியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் கண் கலங்கியது.

அப்புறம் தொட்டிலைப் பார்த்தேன்.

அது மெஷினை நோக்கி ஆடியது.

திரும்பிப் போகவில்லை.

தொங்குகிற எதுவும் நேராகத்தான் தொங்கும். இந்தத் தொட்டில் சாய்ந்தபடியே நின்றது. சேலையின் ஓரம் குழாயை நோக்கி நீண்டு துடித்தது. குழந்தையின் பூமுடி அந்தப் பக்கமாகப் படிந்தது.

"அக்கா, புள்ள மூச்சு விடுதா பாருங்க."

வீரம்மா விரலை மூக்கில் வைத்தார். "விடுதுப்பா. விட்டுக்கிட்டே இருக்கு." விரலை எடுக்காமலே சொன்னார். "உள்ள இழுக்கல."

சுவிட்சை அணைத்தேன். தாலாட்டு நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.

வயரின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனை பாடிக்கொண்டிருந்தது. இந்தப் பழுதுக்கு எனக்கு எவரும் வைத்தியம் சொல்லித் தரவில்லை.

குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. பழனியப்பன் தொட்டிலைப் பிடித்து இழுத்தார். அந்தக் கனத்த மனிதரையும் சேர்த்து அது வாசல் பக்கம் நகர்ந்தது. "தனம், வேணாம்மா" என்றார். "வேணாம்மா, விட்டுடு."

கழற்றத் தெரிந்தவன் செய்வதை நான் செய்தேன். மெஷினின் மேல் குப்புற விழுந்து, முன்மூடியின் கொக்கி இரண்டையும் தட்டிவிட்டு, பையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பை சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் உடம்பு போன்ற சூடு. தையல் பிரிந்து மாவு முழுதும் அறைக்குள் வெடித்துப் பறந்தது.

சத்தம் நின்றது.

தொட்டில் நேரானது. குழந்தை ஒரு பெரிய மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மாவு மெதுவாகத் தரையில் படிந்தது. நாங்கள் மூவரும் அசையவில்லை.

மெஷினுக்கு முன்னால், வெள்ளைத் தரையில் ஒரு கால் பதிந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று. சின்னக் கால். ஒரு காலின் இரண்டாம் விரலில் மெட்டியின் வட்டம் இருந்தது. மற்றக் காலில் இல்லை. தொட்டிலை நோக்கி மூன்றடி. நான்கடி. தொட்டிலருகே நின்றன. விரல்கள் மட்டும் ஆழமாக அழுந்தின. எட்டிப் பார்க்க நுனிக்காலில் நிற்பவளைப் போல.

வீரம்மா மூலையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"தனம். பாத்திட்டியா. ஒம்புள்ள நல்லாருக்கான். இனி அவனுக்கு நான் இருக்கேன். நீ இப்படி எடுத்து எடுத்துப் பால் குடுத்தா அவன் என்ன ஆவான், சொல்லு. இது ஒன் எடம் இல்லம்மா. போயிடு."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்தது.

பிறகு தடங்கள் திரும்பின. வாசல் பக்கம், நான் கிடந்த பக்கம். ஒவ்வோர் அடியும் முன்னதைவிட மெதுவாக. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கால் பதிந்தபோது குதிகாலின் வெடிப்புகூட எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். பெற்ற பிள்ளையை இன்னொரு முறை தூக்க முடியாமல் போகிறாள். என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல், கடை வாசலில் நின்று ஆட்களை வழியனுப்புகிற பழக்கத்தில், மெல்லச் சொன்னேன்.

"போயிட்டு வாம்மா."

கால் நின்றது.

அதன் விரல்கள் என் பக்கம் திரும்பின. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடந்து, படியிறங்கி, மழையில் கரைந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் வீரம்மா.

"ஒண்ணுமில்லக்கா. நாக்குப் பழக்கம்."

"வீட்ல முழுகாம இருக்காங்களா?" அவர் என்னையே பார்த்துக் கேட்டார். அதை நான் அந்த வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாக்கா."

அவர் செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அறையைக் கழுவினார். மாவையும் பையையும் மெட்டியையும் ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு, மழையோடு மழையாகப் பழனியப்பன் கிள்ளான் ஆற்றுக்குப் போனார். குழந்தை ஒரு புட்டிப் பால் முழுதும் குடித்துவிட்டு, எந்தச் சத்தமும் இல்லாமல் தூங்கியது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன். பத்தில் ஒரு தடவை புத்தி வேலை செய்யும்.

ரயிலில் சட்டைப் பைக்குள் ஏதோ குத்தியது. முறிந்த இதழ். ஓடும் ரயிலிலிருந்து எறிந்திருக்கலாம். நல்ல அலுமினியத் தகடு, எதற்காவது உதவும் என்று திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து பழனியப்பன் கடைக்கு வந்தார், தோளில் மகனோடு. நல்ல மழை. தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. நடுப்பகலிலும் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்திருந்தேன். பையனுக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"நீங்க செஞ்ச வேலைண்ணே" என்றார். "வீடு இப்ப அமைதியா இருக்கு. அக்கா உங்களை விசாரிச்சாங்க. வீட்ல நல்லாருக்காங்களான்னு கேட்டு வரச் சொன்னாங்க."

"நல்லாருக்கா. உள்ள படுத்திருக்கா. ராத்திரியெல்லாம் புள்ள உதைக்குது, தூக்கமில்ல. அப்பன் மாதிரி, சும்மா இருக்கத் தெரியாது போலிருக்கு."

அவர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. என் பின்னால், உள்ளறைத் திரையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். தகப்பன் திரும்பி நடக்கவும், தோளுக்கு மேலாக அதையே பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அவர் போன பிறகு தரை துடைக்கத் துணியை எடுத்தேன். சிமெண்டுத் தரை முழுதும் ஈரம். பழனியப்பனின் செருப்புத் தடம் உள்ளே வந்து, திரும்பி வெளியே போயிருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. அந்த ஈரத்தில் அது ஈரமாக இல்லை. வெள்ளையாக, உலர்ந்து, மாவாக இருந்தது. சின்னக் கால்.

உள்ளே வந்த தடம் மட்டும்.

முறிந்த இதழ் கிடந்த மேசையடியில் ஒரு கணம் நின்று, என்னைச் சுற்றிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போயிருந்தது.

கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து, பாதித் தூக்கத்தில், ரமணியின் குரல் கேட்டது.

"என்ன மெஷின்ங்க அது, நல்லா இருக்கு சத்தம். வயித்துல புள்ள இப்பத்தான் அடங்குது. நிறுத்திடாதீங்க."